குழலின் நடுவில் ஒரு பொய்

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. செமஸ்டர், இன்டர்னல்ஸ், அசைன்மென்ட் என்று வழக்கமான காரணங்களைச் சொல்லலாம். உண்மையான காரணம் என் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. 25.7 சென்டிமீட்டர் நீளம், மங்கிய பச்சை நிறம், உடம்பெல்லாம் புழுதி. ஒரு டேங்க்.

தண்ணி டேங்க் இல்லைங்க. சண்டை போடுகிற டாங்கி. "டேங்க் ஒட்டிக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா, "எங்க மாடியிலயும் ஒண்ணு ஒழுகுது, வந்து பாரேன்" என்றார். சாமல்பட்டியில் இந்தப் பொழுதுபோக்கின் நிலைமை இதுதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு அட்டைப் பெட்டி வரும். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சக்கரம், மூடி, கைப்பிடி, விளக்கு எல்லாம் தனித்தனி. வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்தால் டாங்கி. பெட்டியில் இருப்பதை இருக்கிறபடி ஒட்டினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பிரச்சினை, என்னைப் போன்ற ஆசாமிகளுக்கு அது போதாது. "இந்த நட்டு இங்கே இருக்காதே", "இந்தத் தகடு இவ்வளவு தடிமனா இருக்காதே" என்று ஆரம்பித்தால் ஒரு வாரம் நாலு மாசம் ஆகும். ஆனது.

நான் வாங்கியது ஜப்பானின் டாமியா கம்பெனியின் டி-55ஏ. அளவு 1/35. அதாவது நிஜ வண்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 35-ஆல் வகுத்தது. இந்த 35 எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கையான கதை. 1961-இல் டாமியா ஒரு ஜெர்மன் பேந்தர் டாங்கி பொம்மையைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக உடம்பின் அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் அது 1/35 என்று வந்தது. அதையே வைத்துக்கொண்டார்கள், உலகமும் பின்னால் போனது. பேட்டரிக்காகத் தைத்த சட்டையை இன்றைக்கும் எல்லா டாங்கிகளும் போட்டுக்கொண்டிருக்கின்றன.

நிஜ டி-55 குழலோடு சேர்த்து ஒன்பது மீட்டர் நீளம், 36 டன் எடை, உள்ளே நாலு பேர். நம்ம வண்டி 25.7 செ.மீ., எடை ஒரு சோப்புக் கட்டி அளவு, உள்ளே காற்று.

இப்போது வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன்.

மாம்பழ சீசனில் ஒரு கூழ் ஃபேக்டரியில் இரண்டு மாதம் லாரி பில் எழுதினேன். அந்தக் காசில், பெங்களூரில் ஒருவர் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டியை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். அப்பா ஓசூரில் வேலை பார்க்கிறார். வாரம் ஆறு நாள் அங்கே ரூமில் இருந்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி கிருஷ்ணகிரி வழியாக பஸ் மாறி மாறி வருவார். அப்படி வந்த ஒரு ராத்திரி பெட்டியைப் பார்த்தார். விலை கேட்டார். நானும் அரிச்சந்திரன் பேரன் மாதிரி சொல்லித் தொலைத்தேன்.

"பொம்மைக்கு ரெண்டாயிரமா?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வருஷம் அவருக்கு ஓவர்டைம் நின்றுபோயிருந்தது, என் பரீட்சை ஃபீஸுக்கு அம்மா சீட்டை முன்கூட்டியே எடுத்திருந்தார். என் காசு என்று நான் நினைத்தது வீட்டில் யார் கணக்கிலும் என் காசாக இல்லை. பி.காம் படிக்கிறவனுக்கு இது தெரியாமல் போனது கேவலம். இரண்டு வாரம் அப்பா என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நான் வேறென்ன செய்வது, வண்டியை ஒட்டினேன்.

முதலில் மட்கார்டு. கிட்டில் அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 35-ஆல் பெருக்கினால் நிஜத்தில் 35 மி.மீ. இரும்பு! எந்த வண்டிக்கு அப்படி மட்கார்டு இருக்கும்? அதனால் வெட்டி எறிந்துவிட்டு, காலி கூல்டிரிங்க்ஸ் டின்னைக் கத்தரித்துப் புது மட்கார்டு செய்தேன். டின் தகடு சுமார் 0.1 மி.மீ. தான். நிஜக் கணக்கில் மூணரை மி.மீ. தகடு, சரியாக வந்தது. இன்னொரு வசதி, விரலால் அழுத்தினால் நிஜ மட்கார்டு மாதிரியே நசுங்கும். பிளாஸ்டிக் நசுங்காது, உடையும்.

அடுத்தது டரட், அதாவது மேலே சுற்றுகிற தலை. நிஜத்தில் அது வார்ப்பு இரும்பு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பிளாஸ்டிக்கில் அது வழவழவென்று முட்டை ஓடு போல இருந்தது. பசையைப் பரவலாகத் தடவி, மேல்தோல் இளகும்போது பழைய டூத் பிரஷால் குத்திக்கொண்டே இருந்தால் வார்ப்புத் தோல் வந்துவிடும். (முதல் தடவை வீட்டு பிரஷை எடுத்துவிட்டேன். அது யாருடையது என்பதை இங்கே எழுத முடியாது.)

பிறகு செயின். டி-55-க்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து பெரிய சக்கரம். மேலே செயினைத் தாங்க உருளைகள் கிடையாது, அதனால் செயின் சக்கரங்களின் தலையிலேயே தொங்கி உட்காரும். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் இடைவெளி அதிகம். தூரத்திலிருந்தே இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க அதுவே அடையாளம். கிட்டில் வரும் வினைல் செயினோ ரப்பர் பேண்டு மாதிரி விறைத்து நின்றது. கறுப்பு நூலால் ஒவ்வொரு சக்கரத்தோடும் கட்டி இழுத்து, பசை போட்டு, இரண்டு நாள் விட்டேன். இரும்பின் பாரம் வந்துவிட்டது. பின்பக்கம் சேற்றில் மாட்டினால் போட்டு ஏற ஒரு மரக்கட்டை இருக்கும். அதற்கு வேப்பங்குச்சி. இழுவைக் கயிற்றுக்குப் பழைய மோட்டார் காயிலின் செம்புக் கம்பி, மூன்றாக முறுக்கியது.

இவ்வளவும் சில்லறை. இந்த வண்டியை நான் செய்ய நினைத்ததற்கே காரணம் வேறு. அது குழலின் நடுவில் இருக்கிற ஒரு சின்ன வீக்கம்.

கொஞ்சம் சரித்திரம். சோவியத் யூனியன் டி-54 என்று ஒரு டாங்கி செய்தது. அதைத் திருத்தி 1958-இல் டி-55 ஆக்கியது. நடுவில் சீனாவுடன் நட்பாக இருந்த காலத்தில் டி-54ஏ-வைச் செய்யும் வித்தையை அவர்களுக்கும் கொடுத்தது. சீனா செய்ததற்கு டைப் 59 என்று பெயர். 1960களில் பாகிஸ்தான் சீனாவிடமிருந்து டைப் 59 வாங்கியது. இந்தியா டி-54, டி-55 வாங்கியது. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். அதே தவளை முதுகு டரட், அதே ஐந்து சக்கரம், அதே 100 மி.மீ. குழல்.

1971 டிசம்பர் 3 இரவு மேற்கு எல்லையில் போர் தொடங்கியது. ஜம்முவுக்கு மேற்கே சம்ப் என்ற பகுதியில் இந்த அண்ணன் தம்பிகள் நேருக்கு நேர் நின்றார்கள். அங்கே நமக்கு வெற்றி இல்லை. நம் படை முனாவர் தாவி ஆற்றுக்குக் கிழக்கே பின்வாங்க வேண்டியதாயிற்று. நான் சொல்ல வருவது வெற்றி தோல்வி இல்லை. குளிர்காலம், புழுதி, புகை, அதிகாலை. ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஒரு டாங்கி நிற்கிறது. அது நம்முடையதா, அவர்களுடையதா? யோசிக்க உங்களுக்குச் சில விநாடிதான். தாமதித்தால் நீங்கள் காலி. அவசரப்பட்டால் உங்கள் ஆள் காலி.

இதற்கு இந்திய ராணுவம் செய்த ஏற்பாடுதான் அந்த வீக்கம்.

டாங்கிக் குழல்களில் புகை உறிஞ்சி என்று ஒரு உறுப்பு உண்டு. குண்டு வெளியேறும்போது வாயுவின் ஒரு பங்கு சின்னத் துளைகள் வழியாக இந்த உறைக்குள் புகுந்து நிறையும். குண்டு போனதும் குழலில் அழுத்தம் குறையும். அப்போது உறையில் இருந்த வாயு முன்பக்கமாகப் பீறிட்டு, மீதிப் புகையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியே போகும். இது இல்லாவிட்டால், அடுத்த குண்டு போடக் கதவைத் திறந்ததும் புகை எல்லாம் உள்ளே இருப்பவர்கள் மூஞ்சியில்தான்.

டி-55-இல் இது குழலின் முனையில் இருக்கும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்த நம்ம விஜயந்தாவுக்கு பிரிட்டிஷ் வகை 105 மி.மீ. குழல், அதில் இது நடுவாக்கில் இருக்கும். பாகிஸ்தானிடம் இருந்த டைப் 59-இலும் சரி, அமெரிக்க பேட்டனிலும் சரி, குழல் நடுவில் வீக்கம் கிடையாது. ஆகவே இந்திய டி-55-களின் குழல் நடுவில் ஒரு பொய்யான புகை உறிஞ்சியை மாட்டினார்கள். அது எந்தப் புகையையும் உறிஞ்சாது. அதன் ஒரே வேலை, "சுடாதே, நான் உன் ஆள்" என்று சொல்வது.

கிட்டில் இந்தத் துண்டு இல்லை. நான்தான் செய்ய வேண்டும். பேப்பரைச் சுற்றிப் பார்த்தேன், பிசிறு தட்டியது. புட்டியை உருட்டிப் பார்த்தேன், கொழுக்கட்டை மாதிரி வந்தது. பால்பாயின்ட் பேனா மூடியை வெட்டினேன், கோணல். இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

மூன்றாவது ஞாயிறு அப்பா பேப்பர் படித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பண்ற அதுல?"

சொன்னேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான். பிறகு எனக்கே வேகம் வந்து, அண்ணன் தம்பி கதை முழுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே வண்டி, அதனால்தான் இந்த வளையம் என்று முடித்ததும் அப்பா பேப்பரை மடித்துவிட்டார்.

"எங்க லைன்ல ரெண்டு புஷ் வரும். பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும். போர்ல மட்டும் பாயின்ட் டூ வித்தியாசம். மாறி மாட்டிட்டா அசெம்பிளியே போச்சு. அதுக்குன்னே ஒண்ணுக்கு வெளிய ஒரு குரூவ் போடுவோம். அந்தக் குரூவுக்கு வேற வேலையே இல்ல."

(லேத் பாஷையில் 'போர்' என்றால் துளை. எனக்கு ஒரு விநாடி வேறு போர் ஞாபகம் வந்து குழம்பிவிட்டது.)

"ஒரு தடவை குரூவ் போடாம ஒரு லாட் போயிடுச்சு. என் ஷிஃப்ட் இல்ல. ஆனா மெமோ எனக்கு வந்துச்சு."

இதை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாவும் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வரும்போது பையில் ஒரு முழம் அலுமினிய ராடு, பத்து மி.மீ. பழைய நண்பர் ஒருவர் ஊத்தங்கரைப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஞாயிறு காலை அங்கே போனோம். அப்பாவின் கம்பெனியில் எல்லாம் சி.என்.சி. ஆகி நாலு வருஷம் ஆகிறது. பீஸை மாட்டுவார், கதவை மூடுவார், பட்டனை அழுத்துவார். கையால் லேத் ஓட்டிப் பழகிய மனிதர். அன்றைக்கு அவர் சக்கில் ராடை மாட்டி, டூலை வைத்து, கைச்சக்கரத்தைத் திருப்பிய விதத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஸ்கேலைப் பார்த்ததைவிடச் சத்தத்தைக் கேட்டதுதான் அதிகம்.

"எவ்ளோ வேணும்?"

"வெளிய ஏழு மி.மீ., நீளம் பதினெட்டு. ஃபோட்டோவைப் பார்த்து அளந்தது. கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா பரவால்லப்பா."

"ஒரு எம்.எம். உன் வண்டியில எவ்ளோ?"

"முப்பத்தஞ்சு எம்.எம்."

"அப்புறம் என்னா பரவால்ல?"

வெர்னியரை எடுத்து அவரே மறுபடி மூன்று இடத்தில் குழலை அளந்தார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. குழலின் முனையில் நிஜப் புகை உறிஞ்சியின் வீக்கம் இருக்கிறது, அதனால் வளையம் முன்பக்கமாக ஏறாது. பின்பக்கமாக ஏற்றலாம் என்றால் அடியில் குழல் தடிமன், நடுவில் மெலிவு. அடிக்கு ஏற்ற துளை போட்டால் நடுவில் லொட லொடவென்று ஆடும். நான்கு மாதமாக இதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

வளையத்தை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒட்டலாம் என்றேன். அறுத்தார். ஹாக்சா பிளேடு தின்ற இடம் போக மீதி இரண்டு பாதியும் சேர்ந்தால் வட்டம் இல்லை, முட்டை. முதல் பீஸ் குப்பைக்குப் போனது.

அப்பா டீ குடித்துவிட்டு வந்து சொன்னார். "வளையத்தை வெட்டாத. குழலை வெட்டு."

"குழலையா?"

"ஜாயின்ட் எங்க மறையுமோ அங்க வெட்டணும். வளையம் உக்கார்ற இடத்துலயே வெட்டு. உள்ள ஒரு பின் போடு. மேல வளையம் மூடிடும். யாருக்குத் தெரியும்?"

1,900 ரூபாய் கிட்டின் குழலை நடுவில் ரம்பம் வைத்து அறுக்கும்போது என் கை நடுங்கியது உண்மை. நடுவில் ஒரு மெல்லிய இரும்பு ஊசி இறக்கி, இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து, வளையத்தை ஏற்றி ஒட்டினோம். நூல் பிடித்த மாதிரி நின்றது. வண்டியிலேயே பிளாஸ்டிக் அல்லாத பெரிய பாகம் அதுதான்.

பெயின்ட் அடித்தபோது ஒரு சபலம். வளையத்தைப் பச்சை அடிக்காமல் அலுமினியமாகவே விட்டுவிடலாமா என்று. அப்பா வேண்டாம் என்றார். "அடையாளம்னா தெரியணும். மின்னணும்னு இல்ல."

புழுதிக்கு முதலில் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்துத் தூவினேன். வண்டி ஊத்தங்கரைச் சந்தைக்குப் போய் வந்த டிராக்டர் மாதிரி இருந்தது. சம்ப் ஆற்றோரம், அங்கே இந்தச் சிவப்பு பொருந்தாது. துடைத்துவிட்டு, கிரானைட் அறுக்கும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெளிர் சாம்பல் தூளில் கொஞ்சம் மஞ்சள் மண் கலந்து, தின்னரில் கரைத்து, கீழே அதிகமாக, மேலே குறைவாகப் பூசினேன். கிருஷ்ணகிரிக் கல் இப்போது காஷ்மீர் எல்லைப் புழுதி.

இந்த அடையாளப் பிரச்சினை 1971-ஓடு முடிந்துவிடவில்லை, 1971-இல் ஆரம்பிக்கவும் இல்லை. 1944-இல் பிரான்சின் நார்மண்டியில் இறங்கும் முன், நேச நாடுகள் தங்கள் விமானங்களின் இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்தன, சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று. 1991 வளைகுடாப் போரில் கூட்டணி வண்டிகளில் தலைகீழ் 'வி' வரைந்தார்கள். அப்படியும் அந்தப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் சொந்தப் படையின் குண்டுக்கே இறந்தார்கள். 2022-இல் உக்ரைனில் மறுபடியும் அண்ணன் தம்பி கதை. இரண்டு பக்கமும் சோவியத் காலத்து டாங்கிகள், ஒரு பக்கம் 'இசட்', இன்னொரு பக்கம் வெள்ளைச் சிலுவை. தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்தும் கடைசியில் ஒரு டப்பா பெயின்ட்டை நம்பித்தான் நிற்கிறார்கள்.

என் காமர்ஸ் மூளை கணக்குப் போடாமல் விடுமா? கிட் 1,900. பசை, புட்டி 480. பெயின்ட், தின்னர் 620. பிளேடு, உப்புத்தாள் 110. மொத்தம் 3,110 ரூபாய். வளையத்துக்கு மெட்டீரியல் செலவு பூஜ்யம், ராடு துண்டு ஸ்கிராப். லேபர் இரண்டு டீ. காஸ்ட் ஷீட்டில் இந்த வண்டியிலேயே மலிவான பாகம் அதுதான். அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பது எந்தப் பக்கத்து வண்டி என்று யாராலும் சொல்ல முடியாது.

முடித்து மேஜையில் வைத்த அன்று அம்மா வந்து குனிந்து பார்த்தார். "இதுக்குள்ள எத்தன பேர் இருப்பாங்க?"

"நாலு பேர்."

"நாலு பேரா! எப்படி கால நீட்டுவாங்க?"

நீட்ட முடியாது என்று சொன்னேன். அம்மா டரட் மூடியை விரலால் தொட்டுவிட்டு, "அப்ப இத மூடி வெக்காத" என்றார். நான் மூடியை ஒட்டியிருந்தேன். அன்றே நெம்பி எடுத்துத் திறந்த நிலையில் ஒட்டினேன். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. இருக்கட்டும்.

அடுத்த திட்டம் ஒரு டைப் 59. ஆரம்பத்தில் என் யோசனை என்னவென்றால், அதை எரிந்துபோன வண்டியாகச் செய்து, துருவும் கரியும் பூசி, நம்ம வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது. கரி, துரு எல்லாம் செய்து காட்ட ஆசை, கைவேலை நன்றாகத் தெரியும் பாருங்கள். இப்போது அந்த யோசனையை விட்டுவிட்டேன். இரண்டும் முழுசாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். பார்க்கிறவர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கட்டும்.

போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். விலை கேட்கவில்லை. "அதுக்கு எத்தன எம்.எம். ராடு எடுத்துட்டு வரணும்?" என்றார்.

"அதுக்கு வளையம் கிடையாதுப்பா. அது அந்தப் பக்கத்து வண்டி."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று கேட்டார்.

"அதுலயும் நாலு பேர்தானா?"

"ஆமாப்பா."

ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சரி, காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகம் தூசி பிடித்துக் கிடக்கிறது. அது கிரானைட் தூசி இல்லை, சொந்தத் தூசி. பரீட்சை முடிந்து சந்திக்கலாம்.